கொல்லப் போகிறவனை எதற்கு விருந்துக்குக் கூப்பிட வேண்டும்? (மேக்பத், மூன்றாம் அங்கம்)

தறிச்சத்தம், பல்லடம்

எல்லாருக்கும் வணக்கமுங்க. பி.ஏ. ஆங்கில இலக்கியம் இரண்டாம் வருடம் படிக்கிறேன். பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம்தான். வருகிற வியாழக்கிழமை வகுப்பில் பதினைந்து நிமிடம் செமினார் எடுக்க வேண்டும். எனக்கு வந்திருப்பது ஷேக்ஸ்பியரின் 'மேக்பத்', மூன்றாம் அங்கம், முதல் காட்சி.

கதை மறந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேக்பத், பாங்க்வோ இரண்டு பேரும் ஸ்காட்லாந்து ராஜா டங்கனின் தளபதிகள். மூன்று சூனியக்காரிகள் மேக்பத்திடம் 'நீ ராஜா ஆவாய்' என்கிறார்கள். பாங்க்வோவிடம் 'நீ ஆக மாட்டாய், உன் வம்சம் ஆளும்' என்கிறார்கள். தன் வீட்டுக்கு விருந்தாளியாக வந்த டங்கனைத் தூக்கத்திலேயே கொன்றுவிட்டு மேக்பத் பட்டத்துக்கு வருகிறான். என் காட்சி அதற்கு அப்புறம் தொடங்குகிறது. அன்றைக்கு ராத்திரி அரண்மனையில் விருந்து. பாங்க்வோவைத்தான் முக்கிய விருந்தாளி என்று ராஜாவும் ராணியும் எல்லார் முன்னாலும் சொல்கிறார்கள். ஆனால் அவனை வழியிலேயே கொல்வதற்கு ஆள் ஏற்பாடு செய்வதும் இதே காட்சியில்தான்.

நான் வாங்கிய கைடில், 'மேக்பத் தனியாகப் பேசும் இடத்தில் பாங்க்வோவைக் கொல்ல முடிவெடுக்கிறான்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். ராத்திரி அப்பாவுக்குத் துணையாகத் தறிக்குடோனில் உட்கார்ந்து, பாவு அறுந்தால் எழுந்து கட்டிவிட்டு வந்து, நாடகத்தையே மூன்று தடவை படித்துவிட்டேன். எனக்கு அப்படித் தெரியவில்லை. கொலைகாரர்கள் உள்ளே வந்ததும் மேக்பத் கேட்கிற முதல் கேள்வியே 'நேற்றுத்தானே நாம் பேசினோம்?' என்பதுதான். அப்படியென்றால் முடிவு நேற்றே எடுத்ததுதானே? இன்றைக்கு அவ்வளவு நீளமாகத் தனியாகப் பேசுவது எதற்கு? கொல்லப் போகிறவனைப் போய், 'விருந்துக்குத் தவறாமல் வந்துவிடு' என்று எதற்கு வற்புறுத்த வேண்டும்? வர மாட்டான் என்று அவனுக்கே தெரியுமே.

யாராவது படித்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

வாத்தியார், தாராபுரம்

கண்ணு, கைடை மூடி வைத்துவிட்டு மூலத்தை மூன்று முறை படித்தாயே, அதுவே பாதி செமினார். மேல்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இந்தக் காட்சி எனக்கு நாடகத்திலேயே மிகவும் பிடித்த இடம். விருந்தில் செத்த பாங்க்வோவின் ஆவி வருகிற காட்சியைத்தான் எல்லாரும் பெரிதாகச் சொல்வார்கள். எனக்கு அதைவிட இதுதான் பயம்.

முதலில் பாங்க்வோ தனியாக நின்று பேசுகிறான்: 'ராஜா, காடர், கிளாமிஸ் எல்லாம் உனக்கு வந்துவிட்டது, அதற்காக நீ கெட்ட வழியில் போனாய் என்று பயப்படுகிறேன்' (காடர், கிளாமிஸ் இரண்டும் மேக்பத்தின் பிரபுப் பட்டங்கள்). ஆக, அவனுக்குச் சந்தேகம் இருப்பது நமக்குத் தெரியும். அடுத்த நிமிடம் எக்காளம் ஊதுகிறது, மேக்பத் ராஜாவாக வருகிறான். இரண்டு பேர் மனதிலும் விஷயம் இருக்கிறது, இரண்டு பேரும் மரியாதையாகப் பேசுகிறார்கள். அந்த மரியாதைக்குள் மேக்பத் மூன்று கேள்விகளை ஒளித்து வைக்கிறான். அந்த மூன்றையும் பென்சிலால் கோடு போட்டுக்கொள்.

முதல் கேள்வி: 'இன்றைக்கு மத்தியானம் குதிரையில் கிளம்புகிறீர்களா?' பாங்க்வோ ஆமாம் என்கிறான். உடனே மேக்பத் பேச்சை மாற்றி, 'இல்லாவிட்டால் இன்றைய சபையில் உங்கள் ஆலோசனை கேட்டிருப்பேன், சரி, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்' என்கிறான். அடுத்து, போகிற போக்கில் கேட்பதுபோல, இரண்டாவது கேள்வி: 'இஸ்ட் ஃபார் யூ ரைடு?'

இதை நம் ஊர்த் தமிழில் சொல்லிப் பார். 'தூரமுங்களா?'

கிளம்புகிறவரைப் பார்த்து 'எங்கே போறீங்க' என்று நாம் கேட்க மாட்டோம். அது சகுனத் தடை. 'தூரமுங்களா?' என்போம். கேட்டும் ஆயிற்று, கேட்காததும் ஆயிற்று. இதைவிட மென்மையான விசாரிப்பு நம்மிடம் இல்லை. ஷேக்ஸ்பியர் மேக்பத் வாயில் வைத்திருப்பது அதே கேள்வி. இதற்குப் பாங்க்வோ சொல்கிற பதிலைப் பார்: 'இப்போதிலிருந்து ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் ஆகிற தூரமுங்க. குதிரை நன்றாக ஓடாவிட்டால், ராத்திரியிடம் ஒன்றிரண்டு மணி நேரம் கடன் வாங்க வேண்டியிருக்கும்.' இருட்டில் தான் வழியில் இருப்பேன் என்று தன் வாயாலேயே நேரம் குறித்துக் கொடுத்துவிட்டான்.

மேக்பத் உடனே, 'விருந்துக்குத் தவறிவிடாதீர்கள்' என்கிறான். 'தவற மாட்டேன், பிரபு' என்கிறான் பாங்க்வோ. அப்புறம் டங்கனின் பையன்கள் இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் இருப்பதைப் பற்றி ஒரு பேச்சு. 'சரி, குதிரை ஏறுங்கள், ராத்திரி பார்க்கலாம்' என்று விடையும் கொடுத்தாயிற்று. எல்லாம் முடிந்த பிறகு, வாசலில் நின்று ஞாபகம் வந்தவன்போல மூன்றாவது கேள்வி: 'பையனும் கூட வருகிறானா?'

எப்போது, எவ்வளவு தூரம், பையன் கூட இருக்கிறானா. கொலைகாரனுக்குத் தேவையான மூன்றும் வந்துவிட்டது. ஒன்றைக்கூட அவன் நேராகக் கேட்கவில்லை.

என் சொந்த அனுபவம் ஒன்று சொல்கிறேன், பொறுத்துக்கொள். எங்கள் அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்தபோது கிணறு பொதுவில் நின்றது. நாளுக்கு ஒருவர் என்று முறைத் தண்ணீர். எங்கள் முறை நாளில், காலையில் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பெரியப்பா கேட்பார்: 'தம்பி, இன்னிக்குச் சந்தைக்குங்களா? தூரமுங்களா?' அப்பா வெள்ளந்தியாகச் சொல்வார். கடைசியில் பெரியப்பா என்னைப் பார்த்துக்கொண்டே, 'பையனும் கூட வர்றானா?' என்பார். நான் அப்பாவோடு போன நாளிலெல்லாம், திரும்பி வந்து பார்த்தால் எங்கள் வாய்க்கால் காய்ந்து கிடக்கும், அவர் சோளக்காடு நனைந்திருக்கும். மோட்டார் மூடியைத் தொட்டால் இன்னும் சூடு இருக்கும். எனக்கு அப்போது பத்து வயது. அந்தச் சூட்டைத் தொட்டுப் பார்த்த அன்றுதான், அவர் எதற்கு என்னைப் பற்றி விசாரிக்கிறார் என்று புரிந்தது. பிற்பாடு கல்லூரியில் 'கோஸ் ஃபிளீயன்ஸ் வித் யூ?' (ஃபிளீயன்ஸ்தான் பாங்க்வோவின் பையன்) என்ற வரியைப் படித்தபோது எனக்கு விளக்கவுரையே தேவைப்படவில்லை.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். பாங்க்வோ போனதும் எல்லாரையும் ராத்திரி ஏழு மணி வரை அனுப்பிவிட்டு, மேக்பத் வேலைக்காரனிடம் 'அந்த ஆட்கள் காத்திருக்கிறார்களா?' என்கிறான். 'அரண்மனை வாசலுக்கு வெளியே நிற்கிறார்கள்' என்று பதில் வருகிறது. தனிமொழி அதற்கு அப்புறம்தான். நீ சொன்னதுதான் சரி. முடிவு எப்போதோ எடுத்தாயிற்று. அந்தப் பேச்சு, எடுத்த முடிவுக்கு நியாயம் தேடுகிற பேச்சு. 'இப்படி இருப்பது ஒன்றுமில்லை, பத்திரமாக இப்படி இருக்க வேண்டும்' என்று தொடங்குகிறான். ராஜா ஆவதற்கு முன்னால் அவனுக்கு ஆசை இருந்தது. ஆனபிறகு ஆசை போய்ப் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. அடுத்த காட்சியில் மனைவியிடம், 'என் மனம் முழுக்கத் தேள்' என்கிறான். களத்துமேட்டில் கல்லைப் புரட்டித் தேள் பார்த்தவர்களுக்கு அந்த வரி தெரியும்.

பாங்க்வோ தனக்கு ஏதாவது கெடுதல் செய்துவிட்டதாக ஒரு வரிகூட அவனால் சொல்ல முடியவில்லை என்பதையும் கவனி. பாங்க்வோவின் தைரியம், புத்தி, 'ராஜகுணம்' என்று பாராட்டாகத்தான் பட்டியல் போடுகிறான். அதுதான் பயம். சூனியக்காரிகள் சொன்னபோது பக்கத்தில் நின்ற ஒரே சாட்சி அவன். எல்லாம் தெரிந்தவன், ஒன்றும் பேசாமல் மரியாதையாகத் தலைகுனிகிறான்.

விருந்துக்கு அழைப்பது ஏன் என்றால், ஊருக்கு முன்னால் அவன் இடம் காலியாகத் தெரிய வேண்டும். 'நான் அழைத்தேன், அவன் வரவில்லை' என்று சொல்ல ஒரு சாட்சி வேண்டும். கொலைகாரர்களிடமே, 'என்மேல் சந்தேகம் வராதபடி முடிக்க வேண்டும்' என்கிறான்.

---

மஞ்சக்காடு, கொடுமுடி

வாத்தியாருங்க எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் விவசாயி. மகளுக்குப் பாடம் சொல்லித்தரப் போய் இந்த நாடகத்தில் மாட்டிக்கொண்டவன்.

முதல் அங்கத்தில் சூனியக்காரிகளைப் பார்த்துப் பாங்க்வோ கேட்கிறான்: 'காலத்தின் விதைகளைப் பார்த்து எது முளைக்கும், எது முளைக்காது என்று உங்களால் சொல்ல முடியுமென்றால் எனக்கும் சொல்லுங்கள்.' அதற்கு அடுத்த காட்சியில் டங்கன் ராஜா மேக்பத்திடம், 'உன்னை நட ஆரம்பித்திருக்கிறேன், நன்றாக வளரப் பாடுபடுவேன்' என்கிறார். பாங்க்வோவைக் கட்டிப் பிடிக்கும்போது அவன், 'அங்கே நான் வளர்ந்தால் அறுவடை உங்களுடையது' என்கிறான். ஒருவன் நட்டவரையே வெட்டினான், இன்னொருவன் விளைச்சல் உங்களுக்கு என்றான்.

இந்தப் பொண்ணு எடுக்கிற காட்சியில் மேக்பத் தன் தலையில் இருப்பதைக் காய்க்காத கிரீடம், கையில் இருப்பதை மலட்டுச் செங்கோல் என்கிறான். 'பாங்க்வோவின் விதை ராஜாக்கள்!' என்று கொதிக்கிறான். பாவம் செய்தது தான், அறுக்கப் போவது அவன் பேரன் என்ற எரிச்சல். அடுத்தவன் காட்டுக்கு எரு அடித்த மாதிரி. இதைச் செமினாரில் சொல்லுங்கள், அம்மணி. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும்.

---

பந்திக்காரர், பெருந்துறை

கல்யாண மண்டபங்களுக்குச் சமையல் காண்ட்ராக்ட் எடுக்கிறேன். இந்தக் கேள்வியின் தலைப்பைப் பார்த்துத்தான் உள்ளே வந்தேன். விருந்துக் காட்சியை (நான்காம் காட்சி) இன்றைக்கு உட்கார்ந்து படித்தேன். பந்தி நடத்துகிறவன் கண்ணில் பட்டதைச் சொல்கிறேன்.

மேக்பத் முதலில் சொல்வது, 'அவரவர் தகுதி அவரவருக்குத் தெரியும், உட்காருங்கள்.' நம் கல்யாணத்தில் யார் எந்த வரிசை, மாமன் எங்கே, சம்பந்தி எங்கே என்று சொல்லாமலே உட்காருவார்கள் அல்லவா, அதே ஒழுங்கு. கடைசியில் ராணி சொல்வது, 'யார் முன்னால் போவது என்று பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள், உடனே கிளம்புங்கள்.' தொடங்கியது வரிசையில், முடிந்தது கலைந்த பந்தி. ஒரு நாடு கெட்டுப்போவதை இப்படி ஒரு சாப்பாட்டில் காட்டிவிட்டார்.

எனக்கு மிகவும் பிடித்தது ராணி நடுவில் புருஷனிடம் சொல்கிற வார்த்தை. மேக்பத் வாசலில் கொலைகாரனிடம் பேசிக்கொண்டிருக்கிறான். உன் முகத்தில் ரத்தம் இருக்கிறது என்கிறான், பாங்க்வோவுடையது என்கிறான் கொலைகாரன். தலையில் இருபது வெட்டு, பையன் தப்பிவிட்டான். இங்கே விருந்தாளிகள் ஆளில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். ராணி கூப்பிட்டுச் சொல்கிறாள்: 'நீங்கள் உபசரிக்கவில்லை. நடுநடுவே அன்பாகச் சொல்லிச் சொல்லிப் போடாத விருந்து காசுக்கு விற்ற சாப்பாடு. வெறுமனே சாப்பிடுவதென்றால் வீட்டிலேயே சாப்பிட்டுக்கொள்ளலாம்.'

இதை என் அம்மா அப்படியே சொல்வார்கள். இலைக்கு இலை போய், 'இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க, வேண்டாங்காதீங்க' என்று விசாரிக்க ஒரு ஆள் இல்லாவிட்டால், எத்தனை வகை போட்டாலும் அது ஓட்டல் சாப்பாடுதான். எங்கள் தொழிலில் பந்தி விசாரிப்பதற்கென்றே வீட்டுக்காரர் ஒருவரை நிற்கச் சொல்வோம். மேக்பத்தும் 'நான் உங்களோடு கலந்து பணிவான வீட்டுக்காரனாக நடந்துகொள்வேன்' என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறான். கடைசிவரை அவனால் முடியவில்லை. நிம்மதியில்லாதவனால் பந்தி விசாரிக்க முடியாதுங்க. நான் பார்த்திருக்கிறேன், கடன்காரன் வாசலில் நிற்கிற கல்யாணத்தில் பெண்ணைப் பெற்றவர் பாயசம் வாளியைத் தூக்கிக்கொண்டு இலை இல்லாத இடத்தில் போய் நிற்பார்.

அப்புறம் அந்த இருக்கை. 'பாங்க்வோவும் வந்திருந்தால் நன்றாக இருக்கும்' என்று சபையில் பாசாங்காகச் சொல்கிறான். உட்காரப் போகிறான், 'இடம் நிறைந்திருக்கிறதே' என்கிறான். 'உங்களுக்கு வைத்திருக்கும் இடம் இதோ' என்கிறார்கள். அவன் கண்ணுக்கு மட்டும் அங்கே ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். வேறு யாருடைய இடத்திலும் இல்லை, அவனுடைய இடத்திலேயே.

அதைப் படித்ததும்தான் முதல் காட்சிக்குத் திரும்பிப் போனேன். 'விருந்துக்குத் தவறிவிடாதே' என்றான் இவன். 'தவற மாட்டேன்' என்றான் அவன். சொன்னபடி வந்துவிட்டான்!

---

பத்திரம் எழுதுகிறவர், காங்கயம்

எல்லாரும் பாங்க்வோவை உத்தமனாகவே பேசுகிறீர்கள். எனக்குக் கொஞ்சம் மாறுபட்ட கருத்து உண்டு. தவறாக நினைக்க வேண்டாம்.

ஷேக்ஸ்பியர் இந்தக் கதையை ஹோலின்ஷெட்டின் வரலாற்றுத் தொகுப்பிலிருந்து (1587 பதிப்பு) எடுத்தார். அங்கே டங்கனைக் கொல்வதில் பாங்க்வோவும் உடந்தை. நாடகத்தில் அந்தக் கறையைத் துடைத்துவிட்டார். காரணம் இருக்கிறது. 1603இல் இங்கிலாந்தின் பட்டத்துக்கு வந்த ஜேம்ஸ் மன்னர் ஸ்காட்லாந்துக்காரர், தன் வம்சம் பாங்க்வோவிலிருந்து வந்தது என்று நம்பியவர். நாடகம் 1606 வாக்கில் எழுதப்பட்டது. அந்த ராஜா ஆண்டுகொண்டிருக்கும்போது அவர் முப்பாட்டனைக் கொலைகாரன் என்று மேடையில் காட்ட முடியுமா? இன்றைய வரலாற்று ஆசிரியர்கள் பாங்க்வோ என்று ஒருவர் வாழவே இல்லை என்கிறார்கள். மேக்பத் உண்மையில் இருந்தவர், 1040 முதல் 1057 வரை ஆண்டார்.

ஆனால் துடைத்த பிறகும் ஷேக்ஸ்பியர் ஒரு கோடு விட்டு வைத்திருக்கிறார் என்பது என் எண்ணம். காட்சியின் தொடக்கத்தில் பாங்க்வோ பேசுவதை முழுதாகப் படியுங்கள். 'நீ கெட்ட வழியில் போனாய் என்று பயப்படுகிறேன்' என்பதோடு அவன் நிற்கவில்லை. 'அவர்கள் உனக்குச் சொன்னது பலித்திருக்கிறதே, எனக்குச் சொன்னதும் பலிக்கலாமே, நானும் நம்பிக்கை வைக்கலாமே' என்கிறான். எக்காளம் கேட்டதும், 'உஷ், போதும்' என்று வாயை மூடுகிறான். கொலை நடந்த மறுநாள் 'துரோகத்தை எதிர்த்து நிற்பேன்' என்று எல்லார் முன்னாலும் சொன்னவன், சூனியக்காரிகளைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை விடவில்லை. சொல்லியிருந்தால் கதையே மாறியிருக்கும்.

முப்பது வருடமாகப் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதுகிறேன். அநியாயம் செய்கிற அண்ணன் ஒருவன்தான் இருப்பான். தெரிந்தும் தனக்கு வர வேண்டியது வரட்டும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் நாலு பேர். எனக்குப் பாங்க்வோ அந்த நாலு பேரில் ஒருவன்.

---

வாத்தியார், தாராபுரம்

காங்கயத்துக்காரர் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். அந்த 'உஷ்' எனக்கும் உறுத்துகிற இடம்தான். ஆனால் உங்கள் நாலு பேர் ஆதாயத்துக்காகக் கையெழுத்துப் போடுகிறார்கள். பாங்க்வோ ஆதாயத்தை எண்ணிப் பார்த்தான், அதற்காக எதுவும் செய்யவில்லை. இரண்டாம் அங்கத்தில் மேக்பத், 'என் பக்கம் நின்றால் உனக்கு மரியாதை கிடைக்கும்' என்று தூண்டில் போடுகிறான். 'அதைத் தேடிப்போய் இருக்கிற மானத்தை இழக்காதவரை சரி' என்று பாங்க்வோ நழுவிக்கொள்கிறான். ஆசைப்படுவதற்கும் கத்தி எடுப்பதற்கும் நடுவில் இருக்கிற தூரத்தில்தான் இந்த நாடகமே நடக்கிறது. அதை நாம் சுருக்கிவிடக் கூடாது.

அம்மணிக்கு ஒரு கூடுதல் தகவல். 1611இல் குளோப் அரங்கில் இந்த நாடகத்தைப் பார்த்த சைமன் ஃபோர்மன் என்பவர் எழுதி வைத்த குறிப்பு இருக்கிறது. பாங்க்வோவின் ஆவி வந்து மேக்பத்தின் நாற்காலியில் உட்கார்ந்ததையும், அவன் திரும்பி உட்காரப் போகும்போது அதைப் பார்த்ததையும் அதில் எழுதியிருக்கிறார். நாடகமே அச்சுக்கு வந்தது 1623இல்தான். பெருந்துறைக்காரர் கண்ணில் பட்ட அதே இருக்கை, நானூறு வருடத்துக்கு முன்னால் பார்த்தவர் மனதிலும் நின்றிருக்கிறது.

---

தறிச்சத்தம், பல்லடம்

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. 'தூரமுங்களா' என்று படித்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது. பத்திரக்காரர் ஐயா சொன்னதையும் வாத்தியார் ஐயா பதிலையும் இரண்டையும் வகுப்பில் வைக்கப் போகிறேன்.

இன்னும் ஒரு சந்தேகம். மூன்றாம் காட்சியில் கொல்வதற்கு மூன்று பேர் நிற்கிறார்கள். மேக்பத் பேசியது இரண்டு பேரிடம்தானே? அந்த மூன்றாவது ஆள் யார்?

---

வாத்தியார், தாராபுரம்

நாடகத்தில் பெயர் இல்லை, கண்ணு. 'உன்னை யார் அனுப்பியது?' என்று அந்த இரண்டு பேரே கேட்கிறார்கள். 'மேக்பத்' என்கிறான். கூலிக்குப் பிடித்த ஆட்களையும் நம்பாமல் அவர்களுக்குமேல் ஒரு ஆளை அனுப்பியிருக்கிறான். விருந்து முடிந்ததும் மனைவியிடம், 'ஒவ்வொரு பிரபு வீட்டிலும் கூலி கொடுத்து ஒரு வேலைக்காரனை வைத்திருக்கிறேன்' என்கிறான். இந்த மூன்றாவது ஆளோடு அதைச் சேர்த்துப் படி.

---

தறிச்சத்தம், பல்லடம்

சரிங்க ஐயா, புரிந்தது.

நேற்று ராத்திரி அம்மாயிக்குக் கதை சொன்னேன். அப்பாவும் மகனும் குதிரையை விட்டு இறங்கி, அரண்மனை வாசல் வரைக்கும் ஏறக்குறைய ஒரு மைல் தீப்பந்தத்தோடு நடந்து வருவது, 'ராத்திரி மழை வரும்' என்று பாங்க்வோ சொல்வது, 'வரட்டும்' என்று சொல்லிக்கொண்டே ஒருவன் பாய்வது, எல்லாம் சொன்னேன். அம்மாயி வெற்றிலையை மடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, 'பையன் என்ன ஆனான் சாமி?' என்றார். தீப்பந்தம் அணைந்துபோனதால் இருட்டில் தப்பித்துவிட்டான் என்றேன். 'யாரு அணைச்சது?' என்றார். அந்தக் கேள்வியும் நாடகத்தில் அப்படியே இருக்கிறது. கொலைகாரர்களில் ஒருவன் 'விளக்கை அணைத்தது யார்?' என்று கேட்க, இன்னொருவன் 'அதுதானே வழி?' என்கிறான். அவர்களே அணைத்த இருட்டில்தான் பையன் தப்பித்திருக்கிறான்.

வியாழக்கிழமை போர்டில் எதுவும் தலைப்பு எழுதப் போவதில்லை. மூன்று கேள்விகளைத் தமிழில் எழுதிவிட்டு, இதைக் கேட்கிறவர் யார், எதற்காகக் கேட்கிறார் என்று வகுப்பிடமே கேட்டுத் தொடங்கப் போகிறேன்.